இணையவழிக் கற்பித்தல் பயிற்சி: சேரியிலிருந்து ஒரு வாசிப்பு

கொரோனா வந்த 2020இலிருந்து இன்றுவரை, கல்லூரி ஆசிரியர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் ஒன்பதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். ஒன்பது சான்றிதழும் பைலில் பத்திரமாக இருக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிற கௌரவ விரிவுரையாளன் நான். கௌரவம் என்பது பதவியின் பெயரில் இருக்கிற சொல், அவ்வளவுதான்.

ஒரு காப்பியத்தை எடுத்தால் இதில் பேசுகிறவன் யார், பேச விடாமல் நிறுத்தப்பட்டவன் யார் என்று கேட்கத் தலித் விமர்சனம் நமக்குப் பழக்கியிருக்கிறது. இந்தப் பயிற்சிகளையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அப்படியே வாசித்துப் பார்த்தால் என்ன? ‘அது வெறும் தொழில்நுட்பம் சார், அதுல என்னாத்துக்குச் சாதி?’ என்று கேட்பவர்கள் உண்டு. கிணறும் ஒரு காலத்தில் வெறும் தண்ணீர்தான்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 2017 ஜூலையில் தொடங்கிய இணையப் பாடத்திட்டத் தளத்துக்கு ஸ்வயம் என்று பெயர். கூடவே வந்த 32 தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு ஸ்வயம் பிரபா. அதே ஆண்டு செப்டம்பரில் பள்ளி ஆசிரியர்களுக்கென்று வந்தது தீக்ஷா. கல்லூரி ஆசிரியர்கள் ஸ்வயம் வழியாகவே புத்தொளிப் பயிற்சி பெற 2018இல் வந்த திட்டம் அர்ப்பித். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை வெட்டி ஒட்டினால் இப்படி வருகிறது என்பார்கள். எப்படி வெட்டினாலும் சமஸ்கிருதமே வந்து விழுகிறதே, அதுதான் வேடிக்கை. தீட்சை யாருக்குக் கொடுத்தார்கள், யாரைக் காதில் வாங்கக்கூடாது என்று விரட்டினார்கள் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாத கதையா? இவற்றுக்கெல்லாம் முன்பே, 2003இல், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடத்தை மற்றவர்களுக்கு ஒளிபரப்ப ஒரு கல்வி அலைவரிசை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ஏகலவ்யா. தூரத்திலிருந்து படித்தவனின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவன் கட்டைவிரல் என்ன ஆனது என்கிற பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மையங்களின் கதையும் இதுதான். முதலில் ஆசிரியர் கல்லூரி என்ற பொதுப் பெயரில் இருந்தன. பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் ஆயின. 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் அவை மாளவியா பெயரைச் சூடிக்கொண்டன. மதன்மோகன் மாளவியா காசிப் பல்கலைக்கழகத்தைக் கட்டியவர்தான், மறுக்கவில்லை. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் சாதி இந்துக்கள் பக்கம் கையெழுத்துப் போட்டவரும் அவரே. நம் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அம்பேத்கர். ஆசிரியரைப் ‘புதுப்பிக்கும்’ மையத்துக்குப் பெயர் தேடியபோது அந்தத் தாளில் எந்தப் பக்கத்துக் கை அவர்கள் கண்ணில் பட்டது என்று பாருங்கள்.

அடுத்து, பயிற்சிக்குள் புழங்குகிற சொற்கள். ஜூம் செயலியைச் சொல்லிக்கொடுத்த முதல் நாளே ஐந்து சொற்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். ஹோஸ்ட், வெயிட்டிங் ரூம், அட்மிட், மியூட், ரிமூவ். வீட்டுக்காரர், வெளியே காக்கவைக்கும் இடம், உள்ளே விடு, வாயை அடை, வெளியேற்று. கண்டவர்களும் வகுப்புக்குள் புகுந்து அசிங்கம் செய்கிறார்கள் என்று 2020 ஏப்ரலில் இந்தக் காத்திருப்பு அறையை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. செயலியைச் செய்தவர் அமெரிக்காவில் இருக்கிறார். எங்க ஊர் டீக்கடை பெஞ்சும் கோயில் வாசலும் அவருக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் அந்தச் சொல் வந்து இறங்குகிற மண் எது? யாரை உள்ளே விடலாம், யாரை நிறுத்தி வைக்கலாம், யார் வாயை எப்போது அடைக்கலாம் என்பதைப் பரம்பரை பரம்பரையாகப் பயிற்சி எடுத்த மண். பட்டன் மட்டும்தான் புதுசு.

இனி, பயிற்சி சொல்லாமல் விட்ட இடம். ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் ஒரு நாள் முழுக்கக் கேமராவைப் பற்றியே பேசினார்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் புத்தக அலமாரி இருந்தால் நல்லது, மாணவர்களையும் கேமராவைத் திறக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஈடுபாடு வரும். பின்னால் இருப்பதை மங்கலாக்குவது எப்படி என்றும் காட்டினார்கள். எல்லார் வீட்டிலும் தனி அறையும் அலமாரியும் இருப்பதாகவே பேச்சு நடந்தது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தில்தான் கணினி இருந்தது என்கிறது. இணைய வசதி 14.9 சதவீதத்தில். நகரத்தில் 23.4, 42. அரசாங்கமே எடுத்த கணக்கு. ஒன்பது பயிற்சியில் ஒன்றிலாவது இதை ஒருவர் வாயில் கேட்டதில்லை.

2020 ஆகஸ்டு. மூத்த பேராசிரியர் ஒருவரின் வகுப்பை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, இடையில் அறுந்தால் சரிசெய்ய நானும் உள்ளே இருந்தேன். ‘எல்லாரும் கேமராவப் போடுங்க’ என்றார். பயிற்சியில் சொன்னதைத்தான் செய்தார். இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி போட்டாள். தொகுப்பு வீட்டின் பூச்சு உதிர்ந்த சுவர், அதில் நீலக் கோட்டில் அம்பேத்கர், கீழே அரிசி புடைக்கிற அம்மா. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘ஓ, நீ அந்தத் தெருவாம்மா?’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். அறுபத்து மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. நாலு நாள் கழித்துப் போன் போட்டேன்.

‘ரெண்டு வருசமா ஊர் ஸ்டாப்புல எறங்கி, கூட வந்த புள்ளைங்க எல்லாம் போனப்புறம்தான் காலனிக்கு நடப்பேன் ஐயா. ஒரு நிமிசத்துல நானே எல்லாருக்கும் காட்டிட்டேன்.’

நான் பேசாமல் இருந்தேன். பிறகு அவளே கேட்டாள்: ‘படத்தக் கழட்டி வெச்சிட்டு உக்காரட்டுங்களா? அப்பா திட்டுவாரு.’

என்ன சொன்னேன் தெரியுமா? ‘கேமராவ மூடிக்கோம்மா’ என்றேன். சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது பயிற்சி கற்றுக்கொடுத்த ஒரு பட்டன். பின்னணியை மங்கலாக்கும் வசதி அவள் கையிலிருந்த மலிவு போனில் வராது. வந்திருந்தால் அம்பேத்கரை மங்கலாக்கச் சொல்லியிருப்பேனோ என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பட்டன் தெரியாததால்தான் இந்தத் தவறுகள் நடக்கின்றன என்று சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்தது நாடறிந்த விஷயம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு. இணையவழியில் ஆங்கிலப் பாடம். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கவில்லை என்று ஆசிரியை அந்தப் பிள்ளைகளைக் காது கூசத் திட்டினார். யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் புகார் செய்யுங்கள் என்று சவாலும் விட்டார். பணியிடை நீக்கம் வரை போனது. கேமராவும் ஒலிவாங்கியும் ஒழுங்காகவே வேலை செய்த வகுப்பு அது. நாட்டிலேயே பெரிய தொழில்நுட்ப நிறுவனம், உதவிக்கு ஆளில்லாத இடமில்லை. பழுது வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பழுதை நீக்கும் பாடம் எந்தப் பயிற்சியிலும் கிடையாது.

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நான்கு சுவருக்குள் காலங்காலமாக இந்த வசவைக் கேட்டவர்களிடம் சாட்சி இருந்ததில்லை. இந்த முறை பதிவு இருந்தது. கருவி யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. எந்தக் கைக்குப் போகிறதோ அந்தக் கைக்கு உழைக்கும்.

கருவியைப் பழக்கிக் கொடுத்த கை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். ‘தொழில்நுட்ப உதவி’ என்று அறிக்கைகளில் ஒரு வரி வரும். எங்கள் துறையில் அந்த வரிக்குப் பெயர் நான்தான். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். ‘தம்பி, சத்தம் வரல.’ காலையில் ஆறு மணிக்கு வரும். ‘தம்பி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு.’ இலவசக் கணக்கில் நாற்பது நிமிடம் ஆனதும் வகுப்பு தானாக அறுந்துவிடும். மறுபடி இணைப்பு அனுப்பி எல்லாரையும் கூட்டி வர வேண்டியதும் நான். வினாத்தாள் ஏற்ற, மதிப்பெண் பதிய, வருகைப் பதிவு எடுக்க, எல்லாவற்றுக்கும் தம்பி. நிரந்தரப் பேராசிரியர்களில் ஒரே ஒரு அம்மா மட்டும் நோட்டுப் போட்டு எழுதி ஒரு வாரத்தில் தானே கற்றுக்கொண்டார். ‘உனக்கு ரீசார்ஜ் செலவு ஆயிருக்குமேப்பா’ என்று கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

எங்க தாத்தா ஊருக்குச் சாவுச்சேதி சொல்லப் போனவர். நடுராத்திரியில் தெருமுனையில் நின்று கூப்பிடுவார்கள், எழுந்து ஓடுவார். அறுப்புக் காலத்தில் களத்தில் அவருக்கென்று நெல் அளந்தார்கள். எனக்கு அந்தக் களத்து நெல்லும் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 2020லும் 2021லும் எங்கள் கைக்கு வந்தது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அதுவும் வருசத்தில் பதினோரு மாதத்துக்கு. செய்கிறவன் படித்து முனைவர் பட்டம் வாங்கியவன், செய்யும் இடம் கணினி என்பதால் ஊழியத்துக்கு உதவி என்று பெயர் மாறிவிடுமா?

இணையவழிக் கல்வியே வேண்டாம் என்று எழுத வரவில்லை. அப்படிச் சொல்வது வசதியானவர்களின் பழம்பெருமைப் பேச்சு. வகுப்பறை என்ன பொன்னுலகமா? கடைசி பெஞ்சு அங்கேதான் இருந்தது. ஒரு வருசம் முழுக்க வாய் திறக்காத பையன் எழுத்துப்பெட்டியில் தமிழில் தட்டித்தட்டிக் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனது. அம்பேத்கர் எழுத்துகளைக் காசில்லாமல் போனில் இறக்கிப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் காதில் மாட்டிக்கொண்டு என் பாடத்தைக் கேட்டவள் இருக்கிறாள். கல்லூரிகள் 2020 மார்ச்சில் மூடின. நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா என்கிற மாநில அரசின் அறிவிப்பு 2021 ஜனவரியில் வந்தது, ஏப்ரல் வரைக்கும். நடுவில் இருந்த பத்து மாதமும் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்தவர்கள் இவர்கள்தான். இந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பயிற்சி தயாரித்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

கொரோனா போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு என்றும் கேட்க முடியாது. ஸ்வயம் பாடங்களிலிருந்து 20 சதவீத மதிப்புப்புள்ளி எடுக்கலாம் என்று 2016இல் விதி செய்தவர்கள் 2021இல் அதை 40 ஆக்கினார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்கிற கருத்துருவும் அதே ஆண்டு மே மாதம் வந்தது. திரை வகுப்பு நிற்கப்போவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும். மாணவர் கேமராவைத் திறந்தே ஆக வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது என்பது விதியாக வேண்டும். வகுப்பில் சாதியைக் கிளறினால் எங்கே, எப்படிப் புகார் செய்வது என்பது பயிற்சியின் முதல் மணி நேரத்தில் சொல்லப்பட வேண்டும். தொழில்நுட்ப உதவி சம்பளமுள்ள பணியிடமாக வேண்டும். கையேடு தமிழில் வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கும் கருவியும் டேட்டாவும் கல்லூரி தர வேண்டும்.

ஒன்பதாவது பயிற்சியின் கடைசியில் ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்றார்கள். நான் எழுத்துப்பெட்டியில் இப்படிக் கேட்டேன்: ‘மாணவி வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து ஆசிரியர் அவள் தெருவைக் கேட்டால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும்?’ பயிற்சியாளர் வாசித்தார். வாசித்தது முகத்தில் தெரிந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சாயங்காலம் சான்றிதழ் வந்தது.

அந்தப் பெண் தேர்வு எழுதினாள், பட்டமும் வாங்கினாள். மீதி வகுப்புகளுக்கெல்லாம் கேமராவை மூடிக்கொண்டே இருந்தாள். என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இப்போது இணையத்தில் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளைக் கேமரா போடச் சொல்வதில்லை. என்னுடையது திறந்திருக்கும். பின்னால் அலமாரி கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரும், அதில் நீலக் கோட்டுப் படமும்தான். ‘ஐயா, எங்க வீட்லயும் இதே படம்தான்’ என்று போன வாரம் ஒரு பையன் எழுத்துப்பெட்டியில் எழுதினான். எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதியிருந்தான்.