‘ஈக்களின் தலைவன்’: பெயரும் எண்ணும்

வில்லியம் கோல்டிங் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈக்களின் தலைவன்’ 12 இயல்களால் ஆய புதினமாகும். போர்க்காலத்தில் வானூர்தி வீழ, பெரியோர் எவருமில்லாத தீவொன்றில் தனித்து வாழ நேர்ந்த ஆங்கிலச் சிறுவர்தம் கதை அது. முதல் இரண்டு இயல்களில் நல்லொழுங்கு நிலவுகின்றது என்றும், பின்னர் ஜாக் என்னும் ஒருவனாலேயே அது சிதைகின்றது என்றும் கொள்வாருளர். அவ்விரு இயல்களையும் நுணுகி நோக்குவார்க்கு அக்கொள்கை முற்றும் பொருந்துவதன்று என்பது புலனாகும். சிதைவின் வித்து ஒழுங்கு அமைந்த அன்றே ஊன்றப்பட்டுவிட்டது. அதனைப் பெயரும் எண்ணும் என்னும் இரண்டன்வழிக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ரால்ஃப் தன் பெயரைக் கூறுகின்றான். உடனிருக்கும் பருத்த சிறுவனின் பெயரை அவன் கேட்டிலன். பள்ளியில் தன்னைப் ‘பிக்கி’ என இகழ்ந்தழைத்தமையை அச்சிறுவன் மறைவாகக் கூறி, பிறரிடம் சொல்லற்க என வேண்டுகின்றான். பன்றிக்குட்டியைக் குறிக்கும் அப்பெயரை ரால்ஃபே அவையில் வெளியிடுகின்றான். அனைவரும் நகைக்கின்றனர். அக்கூட்டம் முதன்முதல் ஒருமனப்பட்டது ஒருவனைப் புறத்தே நிறுத்திய அந்நகையினாலேயாம். மாறாக, ஜாக் தன்னைக் குடும்பப் பெயரால் மெரிடியூ என்றே அழைத்தல் வேண்டும் என்கின்றான். வலியோன் தன் பெயரைத் தானே வகுக்கின்றான். எளியோனுக்குப் பிறர் வகுக்கின்றனர். அவன் இயற்பெயர் நூல் முடியுங்காறும் வெளிப்படுவதேயில்லை.

ரால்ஃப் கொடியவனல்லன். பிக்கியின் மனம் புண்பட்டதனை அவன் பின்னர் உணரவே செய்கின்றான். நல்லியல்புடையான் ஒருவன் வாயிலாகவே முதல் தீங்கு நிகழ்வதாகக் காட்டியமை ஆசிரியரின் நுண்மாண் நுழைபுலத்திற்குச் சான்றாகும். பாலன்டைன் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘பவளத் தீவு’ என்னும் கதையின் வீரச்சிறுவர் பெயர்களான ரால்ஃப், ஜாக் என்பவற்றையே கோல்டிங் தம் மாந்தர்க்கு இட்டமையும் ஈண்டுக் கருதத்தக்கது. பெயர் அதுவே, பண்பு அதுவன்று.

இனி எண். வந்தோர் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க முயல்பவன் பிக்கி ஒருவனே. சங்கின் பயனை அறிந்தவனும் அவனே. ஆயினும் அதனை ஊதியவன் ரால்ஃப். தலைவனைத் தேர்ந்தெடுத்தபோது அவையோர் நோக்கியவை தோற்றமும் சங்குமேயன்றி அறிவன்று. இரண்டாம் இயலில், முகத்தில் மறுவுடைய சிறுவன் ஒருவன் பாம்பனைய விலங்கு ஒன்றினைக் கண்டதாக அஞ்சிக் கூறுகின்றான். அவனுக்கும் பெயரில்லை. பிக்கியின் கண்ணாடியைப் பறித்து மூட்டிய தீ காட்டில் பரவிய பின்னர் அவனைக் கண்டார் எவருமிலர். சிறுவர் எத்துணையர் என்று யாரும் எண்ணாமையால், இழந்தது இன்னதென உறுதியாகக் கூறவும் இயலவில்லை. அத்தீ ஜாக்கின் கொடுமையால் எழுந்ததன்று; மீட்சி வேண்டி ரால்ஃப் பணித்து, அனைவரும் மகிழ்ந்து மூட்டியது.

இறுதியியலில் மீட்க வந்த கடற்படை அதிகாரி, நீவிர் எத்துணையர் என வினவுகின்றார். ரால்ஃப் விடையறியாது தலையசைக்கின்றான். தன் பெயரையும் முகவரியையும் முன்னர் ஒப்பித்து வந்த சிறுவன் பெர்சிவல் அப்பெயரையும் மறந்து நிற்கின்றான். முதல் நாளில் கேளாது விட்ட பெயரும் எண்ணாது விட்ட எண்ணுமே இறுதியில் விடையற்ற வினாக்களாக மீள்கின்றன. ஆகவே இப்புதினத்தின் அவலத்தை ஜாக் ஒருவன்மேல் ஏற்றியுரைத்தல் நூலின் கருத்தைச் சுருக்குவதாகும். நகைத்த அனைவர்க்கும் அதன்கண் பங்குண்டு என்பதே முன்னியல்கள் தரும் தெளிவு.