கூம்புக் கூடாரத்தின் லட்சணங்கள்

வீடு தேடுகிறவன் சுவரைப் பார்க்கிறான், வாசலைப் பார்க்கிறான், அண்டை அயலாரைக்கூட விசாரிக்கிறான். கூடாரம் தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது சாய்வு ஒன்றைத்தான். கடைக்காரர்கள் நிறத்தைப் பற்றியும், மடித்தால் எத்தனை சிறிதாகும் என்பதைப் பற்றியும், எத்தனை பேர் படுக்கலாம் என்பதைப் பற்றியும் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்வார்கள். துணி எந்தக் கோணத்தில் தரையை நோக்கி இறங்குகிறது என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். ஆயினும் காற்றை விலக்குவது, மழையை வழிய விடுவது, உள்ளே தேங்கிய வெப்பத்தை மேலேற்றி வெளியே தள்ளுவது ஆகிய மூன்று காரியங்களையும் அந்தச் சாய்வு ஒன்றே செய்து முடிக்கிறது என்பதை அறிந்த ரசிகனுக்கு, கூடாரங்களில் உத்தமமானது கூம்பு வடிவமே என்பதில் ஐயம் எழாது.

இப்போது ‘டீப்பி’ என்ற பெயரில் சந்தையில் விற்கப்படுகிற கூடாரம், வட அமெரிக்கப் பெருஞ்சமவெளிகளில் காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து சென்று வாழ்ந்த லகோட்டா, செயென், பிளாக்ஃபூட் முதலிய மக்களின் வாசஸ்தலம். பதனிட்ட எருமைத் தோலைத் தைத்து, நெடிய பைன் மரக் கழிகளின்மேல் போர்த்தி அவர்கள் அதை எழுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அந்த மந்தைகளை ஏறக்குறைய நிர்மூலமாக்கிய பிறகு, தோல் போய் கான்வாஸ் வந்தது. கூடாரத்தைத் தைப்பதும், எழுப்புவதும், பிரிப்பதும் பெண்களின் வேலை. கூடாரமும் அவர்களுடைய சொத்து. வீட்டு நிர்மாணம் முழுவதையும் பெண்ணிடம் விட்டுவிட்ட ஒரு சமூகத்தின் கட்டடக்கலை இத்தனை கச்சிதமாக அமைந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தக் கச்சிதம் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஓர் அரைவட்டத் துணியை எடுத்து, அதன் நேர்விளிம்பின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேரும்படி சுருட்டினால் ஒரு கூம்பு கிடைக்கும். அரைவட்டத்தின் ஆரம் 12 அடி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூம்பின் அடிவிட்டமும் 12 அடியாகவே அமையும்; பக்கவாட்டில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது மூன்று பக்கமும் சமமான முக்கோணமாகத் தெரியும்; சாய்வு சரியாக 60 பாகை. துணியில் பெரிய சேதாரம் இல்லை. கேத்திர கணிதம் பயின்ற ஆசிரியன் ஒருவன் மாணவர்களுக்காகப் புனைந்த கணக்கைப்போல் தோன்றும் இந்த ஏற்பாட்டை, ஏட்டுக் கல்வியின் வாடையே இல்லாமல், தோலையும் ஊசியையும் கொண்டு கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெண்கள். அசலான டீப்பி இம்மாதிரிச் சுத்தமான கூம்பும் அல்ல. முதுகுப்புறம் செங்குத்தாகவும், வாசல்புறம் நீண்டு சரிந்தும், முட்டை வடிவான தரையின்மேல் சற்றே பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். மேற்கேயிருந்து வீசும் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கிழக்கே வாசல் வைப்பதும், உச்சித் துளையின் இருபுறமும் காதுகளைப்போல் இரண்டு மடல்களை வைத்துக் காற்று திரும்புந்தோறும் அவற்றைத் திருப்பிப் புகையை வெளியேற்றுவதும் அதன் சம்பிரதாயம்.

இதையெல்லாம் சொல்லும்போது, பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்து மீனவர் வீடுகளுக்குச் சற்று அப்பால் மணலில் நின்றுகொண்டு, எங்கோ உள்ள அமெரிக்கச் சமவெளிகளைப் பற்றிப் பேசுகிறானே இவன் என்று வாசகர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த வடிவம் இந்தக் கரைக்கு அந்நியமானதல்ல. ஏரிக்கு அப்பால் தெரியும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலும் அதை அடுத்த பிரதேசங்களிலும் வாழ்ந்த யானாதிகளைப் பற்றி, 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனுடைய ஏழு தொகுதி நூலின் கடைசித் தொகுதியில் விவரம் உண்டு. மூங்கிலும் பனையோலையும் புல்லும் கொண்டு கட்டிய, தாழ்ந்த கூம்பு வடிவக் குடிசைகளில் அவர்கள் வசித்தார்கள் என்றும், வளர்ந்த ஆள் தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும் என்றும் அவர் எழுதுகிறார். அந்தத் தாழ்ந்த வாசலை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கரையின் ஐப்பசி கார்த்திகைக் காற்றை அறியாதவர்கள். வடக்கே ஆந்திரக் கரையோரத்தில், ஏறக்குறைய தரையைத் தொடும் கூம்புக் கூரையோடு ‘சுட்டில்லு’ என்று வட்டவடிவ வீடு கட்டும் வழக்கம் வெகுகாலமாக இருப்பதற்கும் காரணம் அந்தக் காற்றுதான். மூலையில்லாத வீட்டைக் காற்றுப் பிடித்து இழுக்க இடம் கிடைப்பதில்லை. 1971 முதல் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வானத்தை நோக்கிக் கிளம்புகிற ராக்கெட்டுகளுக்கும் விஞ்ஞானிகள் கூம்பு மூக்குத்தான் வைக்கிறார்கள். யானாதிகளின் குடிசையும் ராக்கெட்டின் மூக்கும் காற்றோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றே.

தமிழிலக்கியத்துக்கும் கூடாரம் புதிதன்று. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டில், பாசறையை வர்ணிக்கும் நப்பூதனார், வில்லை ஊன்றி அதில் அம்பறாத்தூணிகளைத் தொங்கவிட்டிருக்கும் தோற்றத்துக்கு, காவியாடை தொங்கும் அந்தணனின் முக்கோலை உவமை கூறிவிட்டு, கால் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டிய இருக்கைகளைக் காட்டுகிறார். மூன்று கோல்களைத் தலையில் பிணைத்துக் காலை அகற்றி நிறுத்தினால் அது விழாது என்பதுதான் லகோட்டாக்களின் கூடாரத்துக்கும் அடிப்படை. முதலில் முக்கோலை நிறுத்திக்கொண்டு, பிறகே மற்றக் கழிகளை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள். (பிளாக்ஃபூட் மக்கள் நான்கு கோலில் தொடங்குகிறார்கள். எது உயர்ந்தது என்று அமெரிக்க ரசிகர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதில் தலையிட எனக்கு உத்தேசமில்லை.)

இன்று நாம் வாங்குகிற கூடாரங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கம்பில் நிற்பவை. இந்த மாற்றத்துக்குப் பெயர் பெற்றவர் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்ளி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. சமவெளி மக்களின் கூடாரத்தைப் பார்த்து, கழிகளை நீக்கி நடுவில் ஒரே கம்பை இரும்பு முக்காலியின்மேல் நிறுத்தும் ராணுவக் கூடாரத்துக்கு 1856-இல் காப்புரிமை வாங்கினார். உள்நாட்டுப் போரில் அவர் தென்னவர் பக்கம் சேர்ந்துவிடவே, வடக்கு அரசாங்கம் அவருடைய கூடாரங்களை ஆயிரக்கணக்கில் உபயோகித்துக்கொண்டு, அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்க மறுத்துவிட்டது. பிறருடைய வடிவத்தைத் தம் பெயருக்குப் பதிவு செய்துகொண்டவருக்குக் காலம் அளித்த தண்டனை என்று இதைக் கொள்ளலாமோ என்னவோ. ஒற்றைக் கம்பினால் சௌகரியம் உண்டு. ஒருவனே கால்மணியில் எழுப்பிவிடலாம். நஷ்டமும் உண்டு, கழிகள் தாங்கும் கூடாரம் தன் எலும்பிலேயே நிற்கும், ஒற்றைக் கம்புக் கூடாரமோ முளைகளை நம்பி நிற்பது. முளை பெயர்ந்தால் கூடாரம் இல்லை.

கோட்டைக்குப்பத்தில் இந்த விஷயம் பாடமாகவே கற்பிக்கப்படும். ஏரிக்கரை மணல் மேலே வெண்மையாக உலர்ந்தும், ஒரு சாண் கீழே ஈரமாகவும், சிப்பித் துண்டுகள் விரவியும் இருக்கும். கடையில் கூடாரத்தோடு கொடுக்கிற மெல்லிய கம்பி முளைகள் இந்த மணலில் விரலால் பிடுங்கும்படி இருக்கின்றன. நான் அவற்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்ததைப் படகில் சாய்ந்தபடி வெகுநேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த வயோதிகர் ஒருவர், “ஆணி அடிச்சா மணலு விட்டுடும் சார். சாக்குல மணல ரொப்பி, கயித்த அதுல கட்டிப் பொதைச்சுடுங்க. காத்து இழுக்க இழுக்க அது இன்னும் அழுந்தும்” என்றார்.

“எவ்வளவு ஆழம் தோண்டணும் பெரியவரே?”

“மொழங்கால் ஆழம் போதும். கயித்த மட்டும் செங்குத்தா இழுக்காதீங்க, நல்லா சாச்சு இழுங்க.”

ஏரியில் கழி நட்டு வலை கட்டி, நீரோட்டத்தின் இழுப்புக்கு ஈடு கொடுத்தே ஆயுளைக் கழித்தவருடைய வாக்கு. மலையேறிகளுக்கான ஆங்கிலக் கையேடுகள் பனிக்கும் மணலுக்கும் சிபாரிசு செய்கிற முறையும் அதுவேதான். அவை படங்கள் போட்டுப் பக்கக்கணக்கில் விளக்குகிறதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆகவே மணல்கரைக்குப் போகிறவர்கள், கடை முளைகளோடு, பழைய அரிசிச் சாக்கில் வெட்டித் தைத்த சிறு பைகளையும் கொண்டு போவது உசிதம்.

துணியைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. மேற்சொன்ன 12 அடிக் கூம்புக்கு ஏறக்குறைய 21 சதுர மீட்டர் துணி வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் நிறையுள்ள பருத்திக் கான்வாஸ் என்றால் துணி மட்டுமே 6 கிலோவைத் தாண்டும். சிலிக்கான் பூசிய நைலான் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். முதுகில் சுமந்து மலை ஏறுகிறவன் நைலானைத்தான் வாங்க வேண்டும். அவனோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வழியாக வண்டியில் வருகிறவனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நைலான் ஈரம் பட்டால் தளர்ந்து தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிறுகளை மறுபடி இறுக்க வேண்டும். வெயிலில் அதன் உள்ளே இருப்பதோ இட்லிப் பானைக்குள் இருப்பதுதான். உள்ளே விட்ட மூச்சே விடியற்காலையில் துளித்துளியாகத் தலையில் சொட்டும். பருத்தியோ ஈரம் பட்டதும் நூல் பருத்து, இழைகளுக்கு இடையேயுள்ள துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். உலர்ந்ததும் மறுபடி மூச்சு விடும். இதற்காகவே, புதிய கான்வாஸை முதல் மழைக்கு முன் ஒருமுறை நன்றாக நனைத்து உலர்த்த வேண்டும். தையல் துளைகள் அப்போதுதான் இறுகும். பருத்திக் கயிறு கட்டினால் அதுவும் நனைந்து குறுகி முளையைப் பிடுங்கப் பார்க்கும் என்பதால், மழைக்கு முன் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிடுவது பழைய ராணுவ வழக்கம். கான்வாஸின் ஒரே சத்துரு பூஞ்சை. உப்புக்காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளி விழும். பிறகு எந்தச் சோப்பும் உதவாது.

இடத்தின் அளவில் வியாபாரிகள் செய்கிற ஜாலம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘எட்டுப் பேர் தங்கலாம்’ என்று எழுதியிருப்பார்கள். நம்முடைய 12 அடிக் கூம்பின் உச்சி ஏறக்குறைய பத்தரை அடி உயரம் என்றாலும், ஆறடி உயரம் கிடைப்பது நடுவில் ஐந்தடி விட்டமுள்ள வட்டத்துக்குள் மட்டுமே. மொத்தத் தரையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற இடத்தில் குனிய வேண்டும், உட்கார வேண்டும், விளிம்பில் படுக்கத்தான் முடியும். கூம்பு தன்னுள் வருகிறவனுக்குப் பணிவைக் கற்பிக்கும் வடிவம். எழுதியிருக்கும் எண்ணிக்கையில் பாதியை எடுத்துக்கொண்டால் மூட்டை முடிச்சுகளோடு சுகமாக இருக்கலாம். விளிம்பில் இரண்டடிச் சுவர் வைத்த மணிக்கூடாரம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. ஆனால் அந்தச் சுவர் காற்றை எதிர்க்கத் தொடங்கிவிடுகிறது, அழகும் போய்விடுகிறது.

அடுப்புப் புகைபோக்கிக்குத் துளை வைத்த கூடாரங்களை இங்கே விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! கொடைக்கானலுக்கு அது பொருந்தலாம். கடலோரத்தில் துளைக்கு வேலை, சூட்டை வெளியேற்றுவதுதான். எந்த ஊரிலும் மூடிய கூடாரத்துக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு உறங்குவது பிராணாபாயம். உச்சியில் திறந்து மூடக்கூடிய வழி இருக்க வேண்டும். கீழ் விளிம்பைச் சுற்றிலும் முழம் உயரம் சுருட்டிக் கட்ட நாடாக்கள் இருக்க வேண்டும். அப்போது ஏரிக்காற்று அடியில் நுழைந்து உச்சி வழியே வெளியேறும். இதற்குத் தடையாகத் தரைவிரிப்பைச் சுவரோடு சேர்த்துத் தைத்த கூடாரத்தை விலக்கிவிடுங்கள். கொசுவுக்குக் கம்பின் உச்சியிலிருந்து தொங்கும் வட்டக் கொசுவலை போதும்.

வாசல் கிழக்கு நோக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சம்பிரதாயம் இங்கே செல்லாது. நமக்குக் கிழக்கே கடல். வடகிழக்குப் பருவத்தில் கிழக்கு வாசல் வைத்தவன் கூடாரம் காற்றை வாயில் வாங்கிய பாய்மரம் ஆகிவிடும்; வாசலைத் தென்மேற்கில் வைப்பதே விவேகம். அதிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தக் கரையில் கூடாரத்தின் பேச்சே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று கரையேறிய வர்தா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைக் கண்டவர்கள், துணிக்கும் கயிற்றுக்கும் எல்லை உண்டு என்பதை அறிவார்கள். தை, மாசி மாதங்கள் உத்தமம். பூநாரைகளும் அப்போது ஏரியில் இருக்கும். ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயமாதலால் அங்கே இஷ்டப்படி கூடாரம் அடிக்கக் கூடாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊரை ஒட்டிய இடமானால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். எந்தக் குடும்பம் என்று, எங்கே வலை கட்டலாம் என்பதைக்கூடப் ‘பாடு’ என்ற முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிற கோட்டைக்குப்பத்துக்காரர்களுக்கு, ஆளில்லாமல் கிடக்கும் மணல் யாருடையது என்பதும் தெரியும். வலை உலர்த்துகிற இடத்தில் முளை அடித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்பது நாகரிகமன்று.

என் தேர்வைச் சொல்லி முடிக்கிறேன்: பருத்திக் கான்வாஸ், 12 அடி விட்டம், அறுபது பாகைக்குக் குறையாத சாய்வு, ஒற்றைக் கம்பு, தைக்காத தரை. வாங்குமுன் கடைக்காரரை ஒருமுறை அதை விரித்து நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.