அரைப்பேர்

அலுவலகத்தில் ஒருவரைத் தாழ்த்தினால் பதவியிறக்கம் என்று கடிதம் வரும். மாத்தளையில் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இறங்க ஒரு பதவியும் இல்லை. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி எல்லோருக்கும் கீழே நிற்பவர் அவர். அவரிடமிருந்து குறைக்க முடிந்தது பேர் ஒன்றுதான். அதற்கு மலையகத் தமிழ் ஒரு சொல் வைத்திருக்கிறது: அரைப்பேர்.

விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன அளவுக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் முழுப்பேர். அளவு குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். “இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று தங்கள் வரிசை வீடான லயத்துக்கு வந்து சொல்வார்கள். எத்தனை ரூபாய் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்கு அது தெரியும்.

இந்தச் சொல்லின் நயமெல்லாம் ‘பேர்’ என்பதில் இருக்கிறது. அது ஒருவரின் பெயர். பத்துப் பேர், இருபது பேர் என்று ஆட்களை எண்ணுவதும் அதனால்தான். நல்ல பேர் எடுத்தார் என்னும்போது அதுவே மதிப்பு. தோட்டத்தில் நான்காவதாக, ஒரு நாள் சம்பளம் என்றும் ஆயிற்று. அரைப்பேர் விழும்போது இந்த நான்கும் சேர்ந்து பாதியாகின்றன. பாதிக் கூலி வாங்கியவர் கணக்கில் பாதி ஆளாகவும் நிற்கிறார். கோபமோ புலம்பலோ இல்லாத ஒரு கணக்குச் சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

பேர் போடுகிற பக்கத்தில் நிற்கும் கங்காணி என்ற சொல்லும் தாழ்ந்துதான் வந்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கண்காணி என்பவர் கோயில் காரியங்களை மேற்பார்த்த அதிகாரி. மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்குத் தோட்ட வேலைக்கு ஆட்களை நடத்தி வந்த காலத்தில் பெரிய கங்காணி கடனும், ஆளுக்கு இவ்வளவு என்ற தலைக்காசும் கையில் வைத்திருந்த பெரும்புள்ளி. இன்று கங்காணி என்றால் கொழுந்து மலையில் ஆட்களுக்குப் பின்னால் நின்று வேலையை மேற்பார்ப்பவர்.

தோட்டத்துக்கு வெளியேயும் பேர் குறைந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருந்தது, நாட்டின் பதிவில் இல்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த பிறகும், எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

மாத்தளை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்துப் பெரியவர்களிடம் அரைப்பேர் விழுந்த நாட்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள்.