ஸ்வரம் எழுதும் இரண்டு கைகள்

ஒரு நாவலை மதிப்பிடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளை மதிப்பிட முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். முடியும் என்றே நினைக்கிறேன். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட மென்பொருளுக்கு விமரிசனம் இன்னும் அவசியம். இனாமாகக் கிடைப்பதைக் குறை சொல்லக்கூடாது என்று நமக்கு ஒரு தாட்சண்யம் இருக்கிறது. தாட்சண்யத்தால் எந்தக் கலையும் வளர்ந்ததில்லை.

மேற்கத்திய சங்கீதத்தை ஐந்து கோடுகளில் எழுதித் தரும் திறந்த மென்பொருள்களில் முக்கியமானவை இரண்டு: லில்லிபாண்ட், ம்யூஸ்ஸ்கோர்.

லில்லிபாண்டை 1996ல் ஆரம்பித்தவர்கள் ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவன்ஹைஸன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள். அவர்களைத் தூண்டியது ஓர் அதிருப்தி. வெள்ளீயக் கலப்புத் தகட்டில் குறிகளை இடவலம் மாற்றி உளியால் அடித்துப் பொறித்த பழைய தொழிலாளியின் பக்கத்தில் இருந்த உயிர், கம்ப்யூட்டர் போட்ட பக்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்று ஆராய்ந்தார்கள்.

ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். ஸ்வரத்தின் தண்டு மேல்நோக்கி நின்றால் அது தலையின் வலப்பக்கத்தில் இருக்கும். கீழ்நோக்கித் தொங்கினால் இடப்பக்கத்தில். ஆகவே மேல்தண்டை அடுத்து ஒரு கீழ்த்தண்டு வந்தால் இரண்டும் நெருக்கியடித்து நிற்பதாகக் கண்ணுக்குப் படும். அளவுகோலுக்குச் சரியானது கண்ணுக்குச் சரியாக இல்லை. பழைய தொழிலாளி அங்கே மயிரிழை தள்ளி அடித்தான். இந்தக் கண்ணளவை விதிகளாக்கி யந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்ததுதான் லில்லிபாண்டின் சாதனை.

இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே தாளகதியில் நீளும் பக்கத்தில் எல்லா வரிகளும் ஒரே சாயலில் இருந்தால், வாசிக்கிறவர் ஒரு கணம் பார்வையை எடுத்தாலும் வரி தவறிவிடுவார். இடைவெளியில் உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் தருகின்றன.

லில்லிபாண்டின் குறையும் பெரியதுதான். ஸ்வரங்களை எழுத்தும் எண்ணும் குறிகளுமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பக்கம் அதன் பிறகே கண்ணில் படும். பண்டிதர் எழுதிய இலக்கண நூல் மாதிரி, வாசலிலேயே நிறுத்திப் பரீட்சை வைக்கிறது. பலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ம்யூஸ்ஸ்கோர் அப்படிப் பரீட்சை வைப்பதில்லை. 2002ல் வெர்னர் ஷ்வீர் என்பவர், தாம் உருவாக்கிய வேறொரு இசை மென்பொருளிலிருந்து ஸ்வரம் எழுதும் பகுதியைத் தனியே பிரித்து இதை ஆரம்பித்தார். திரையிலேயே ஐந்து கோடுகள் தெரியும். வேண்டிய இடத்தில் ஸ்வரத்தை வைக்கலாம். பள்ளி மாணவனும் ஒரு மாலையில் பழகிக்கொள்வான். ஆனால் வெகுகாலம் அதன் பக்கம் அழகாக இல்லை. ஒரு குறி இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். எழுதுகிறவரே ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். 2018ல் வந்த மூன்றாம் பதிப்புதான் குறிகள் தாமாக விலகி நிற்கும்படி செய்தது. 2021ல் 'லீலண்ட்' என்ற புது எழுத்துரு வந்தது. ஸ்கோர் என்ற பழைய மென்பொருளை உருவாக்கிய லீலண்ட் ஸ்மித்தின் ஞாபகமாக வைத்த பெயர் அது. அதற்கு முன் ம்யூஸ்ஸ்கோர் பயன்படுத்தி வந்த எழுத்துரு லில்லிபாண்டிலிருந்து பெற்றது. பண்டிதர் கையெழுத்தை அடுத்த வீட்டுப் பையன் பகிரங்கமாகவே வாங்கிப் பயன்படுத்தினான், இருவருக்கும் நஷ்டமில்லை. திறந்து வைப்பதன் பலன் இதுதான்.

2022ல் வெளியான நான்காம் பதிப்பைப் பற்றி எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதனுடன் சேர்த்து உபயோகிக்கும் 'ம்யூஸ் சவுண்ட்ஸ்' ஒலிகள் நிஜ வாத்தியங்களுக்கு வெகு அருகில் வருகின்றன, இனாமும்கூட. ஆனால் அவை திறந்தவை அல்ல. வீடு திறந்திருக்க, வாத்திய அறைக்கு மட்டும் பூட்டு. பூட்டின் சாவி எப்போதும் ஒரு கம்பெனியின் கையில்.

அந்தச் சாவியைப் பற்றி நான் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1988ல் வெளிவந்த ஃபினாலே என்ற வியாபார மென்பொருளில் எத்தனையோ பேர் தங்கள் வாழ்நாள் உழைப்பை எழுதி வைத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு வந்தது. மூலநிரல் கம்பெனியிடம் இருந்ததால், நான் தொடர்ந்து செய்கிறேன் என்று யாரும் முன்வர வழியில்லை. திறந்த மென்பொருளும் நின்றுபோகலாம். ஆனால் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி என்ன வசதி சேர்க்கலாம் என்று இவற்றை உருவாக்குகிறவர்கள் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். எழுதியதை உடனே கேட்டுப் பார்க்கும் வசதி எழுதினவரின் மனத்துக்கு இதம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்வரம் எழுதுவது கடைசியில் இன்னொருவர் வாசிப்பதற்காக. மங்கிய வெளிச்சத்தில், இரண்டாவது வரிசையில், பாதி பக்கத்தை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு வாசிக்கும் வயலின்காரருக்கு இது உதவுமா என்று ஒவ்வொரு வசதியிடமும் கேட்க வேண்டும். லில்லிபாண்ட் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. ம்யூஸ்ஸ்கோர் தாமதமாகத்தான் அதைக் கேட்டது. கேட்ட பிறகு வேகமாக வளர்ந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ம்யூஸ்ஸ்கோரைத்தான் சொல்வேன். ஆனால் லில்லிபாண்ட் போட்ட ஒரு பக்கத்தையும் மேஜைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.