குச்சி மடியில், பாட்டு கையில்

முதல் கோரஸ் வருகிறது. கிடார் ஏறிவிட்டது, பேஸ் ஏறிவிட்டது, பாடுபவர் தொண்டையைத் திறந்துவிட்டார். டிரம்மர் மட்டும் இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 8 பார், 32 அடி. பாட்டின் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 20 நொடி. வீடியோவில் கேமராவும் வேறெங்கும் போகாமல் அவர் மேலேயே நிற்கிறது.

நம் பக்கத்துச் சுயாதீன ராக் குழு ஒன்றின் பாட்டு இது. பெயரை எழுதினால் பேச்சு ஆட்களைப் பற்றிப் போய்விடும். கேட்டவர்களுக்கு யாரென்று தெரியும். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளும் தக்கலை டீக்கடைகளிலும் இந்த 20 நொடியைப் பற்றி மூன்று தீர்ப்புகள் ஓடுகின்றன. முதலாவது: "பாட்டு கொள்ளாம் மக்கா, ஆனா அடி பத்தாது." இரண்டாவது: "மிக்ஸிங்கில் போச்சு." மூன்றாவதைச் சொல்பவர்கள் தங்களை விவரம் தெரிந்தவர்களாக நினைப்பவர்கள்: "அடக்கமான பையன், பாடுறவனுக்கு வழி விடுறான்."

முதல் இரண்டையும் மன்னிக்கலாம். மூன்றாவதுதான் முழுத் தப்பு. அந்தப் பாட்டிலேயே திமிரான முடிவு அதுதான். அந்த 20 நொடியும் நாம் யாரைப் பார்க்கிறோம்? பாடுபவரையா? டிரம்மர் எப்போது அடிப்பார் என்றல்லவா காத்திருக்கிறோம்? வழி விட்டவரைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பாட்டை அவர் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார் என்பதே விஷயம்.

வீடியோவை இன்னொரு தடவை போட்டு, அவருடைய முகத்தை விட்டுவிட்டு இடது குதிகாலைப் பாருங்கள். ஹை-ஹாட் பெடலின் மேல் அது ஒரே சீராக ஏறி இறங்குகிறது. தட்டுகள் மோதிச் சத்தம் வராத அளவுக்கு மட்டும். மனிதர் எண்ணிக்கொண்டிருக்கிறார். டிரம்ஸ் போனதும் கிடார்க்காரர் என்ன செய்கிறார் என்றும் கவனியுங்கள்: மூன்றாவது பாரிலேயே அவருக்கு அவசரம் வந்துவிடுகிறது, அடி கொஞ்சம் முன்னால் விழுகிறது. ஐந்தாவது பாரில் பேஸ்காரர் அவரை இழுத்துப் பிடிக்கிறார். குழுவில் யாருக்கு உள்ளே தாளம் இருக்கிறது, யார் டிரம்மரின் தோளில் சவாரி செய்துகொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில் வெட்டவெளிச்சமாகிறது. சக வாத்தியக்காரர்களை இப்படி நிறுத்திக் காட்டுவதை எந்த அகராதியில் அடக்கம் என்பது?

திரும்பி வருவதையும் பாருங்கள். ஒன்பதாவது பாரின் தலையில் பெரிய ஃபில் ஒன்றை உருட்டி, கிராஷைப் பிளந்துகொண்டு நுழைவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ வெறும் கிக் ஒன்றை வைத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்னேர். கேட்பவருக்கு ஏமாற்றம், ஆனால் கால் தானாக ஆடத் தொடங்கியிருக்கும். நடுவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது நம் கால்தானே.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுகிற பேட்ஸ்மேனை, ஆடத் தெரியாதவர் என்று யாராவது சொல்வார்களா? ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவரால்தான் விட முடியும். பந்து வீசுபவர் கோடு மாறி அவர் காலடிக்கு வரும்வரை விட்டுக்கொண்டே இருப்பார்.

இந்த மண்ணில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோயில் விழாக்களில் செண்டையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பஞ்சாரி மேளத்தின் கணக்கு என்ன? முதல் காலம் 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. அந்த 96-ல் அடி எவ்வளவு விலகி விலகி விழும்! அந்த இடைவெளியைப் பொறுத்து நின்றவனுக்குத்தான் 6-ல் கை தானாக மேலே போகும். இங்கே விழாக்களில் இப்போது அதிகம் கேட்கிற சிங்காரி மேளம் இந்தக் காத்திருப்பைச் சுருக்கிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே ஆட்டம். அதற்குப் பழகிய காதுதான் "அடி பத்தாது" என்கிறது.

வில்லுப்பாட்டிலோ கேட்பவரின் எதிர்வினை மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். கதை சொல்பவர் வில்லை விட்டுவிட்டுப் பேச்சில் இறங்கும்போது குடமும் உடுக்கும் அடங்கும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த ஒரு "ஆமா" தாளத்தையும் கதையையும் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு வீசுகோல் வில்லில் விழுந்து மணிகள் குலுங்கும்போது கொடைக்கு வந்த கூட்டம் நிமிர்ந்து உட்காரும். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த நிமிர்வு எங்கிருந்து வரும்?

இதற்கு நேர் எதிரான வழக்கமும் நம்மூரோடு சேர்ந்ததே. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மீது திருவனந்தபுரம் போகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே போகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில், அம்மன் முன்னால், சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகளைப் பாடுகிறார்கள். எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் அங்கே கைதட்டல் கிடையாது. கைதட்டல் இல்லாததால் அந்தக் கச்சேரி சரியில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு பக்கம் "ஆமா", மறுபக்கம் மௌனம். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த நாம், ஒரு பாட்டுக்கு எத்தனை லைக் என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறோம்.

எண்ணுவதென்றால் ஒழுங்காக எண்ணலாம். எந்த இடத்தை மக்கள் அதிகம் திரும்பப் பார்த்தார்கள் என்பதை 2022 முதல் யூடியூப் ஒரு மேடாக வரைந்து காட்டுகிறது. இந்த வீடியோவில் மேடு எழுந்திருப்பது அந்த 20 நொடியில்தான். ஹெட்போன் போய்விட்டதோ என்று பயந்து திருப்பியவர்களும் அதில் இருப்பார்கள், இருக்கட்டும். திருப்பிக் கேட்டார்கள் அல்லவா?

ஒரு நிறுவனம் பணம் போட்டிருந்தால் இந்த முடிவு ஸ்டுடியோ வாசலைத் தாண்டியிருக்காது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு ஒரு தடவை கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதனால் இருக்கிற சரக்கையெல்லாம் முன்னாலேயே கொட்டிவிடு என்பது இப்போதைய சூத்திரம். ஆனால் 1981-ல் வந்த ஓர் ஆங்கிலப் பாட்டில் பெரிய டிரம்ஸ் மூன்றரை நிமிடம் தாண்டித்தான் இடிக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து இரட்டைச் சகோதரர்கள் இருவர் அதை முதல்முறை கேட்டு, அந்த இடத்தில் அதிர்ந்து பின்னால் சாய்ந்ததைப் படம்பிடித்துப் போட்டார்கள். 39 வருடப் பழைய பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. காத்திருக்கத் தெரியாத தலைமுறை என்று யாரைச் சொன்னார்களோ, அந்த வயதுக்காரர்கள்தான் அவர்கள்.

இனி என்ன நடக்கும்?

முதலில் ரீல்ஸ்காரர்கள் அந்த 20 நொடியை வெட்டி எறிவார்கள். யாராவது ஒருவர் அதில் டிரம்ஸைச் சேர்த்து, "சரி செய்த பதிப்பு" என்று போடுவார். அது ஒரு வாரம் ஓடும். அடுத்தது மேடை. கூட்டம் அந்த 8 பாரையும் கைதட்டி நிரப்பும், போகப் போகத் தட்டலின் வேகம் கூடும். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு அவர் நுழைந்தால் ஆட்டம் முடிந்தது. நுழைய மாட்டார் என்பது என் கணிப்பு. தன் குதிகால் சொன்ன இடத்தில்தான் கிக்கை வைப்பார். கூட்டம் ஒருமுறை தடுக்கி விழும், இரண்டாவது கோரஸுக்குள் அவரிடம் வந்து சேரும்.

ஒரு வருடத்துக்குள் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம்வரை எல்லாக் குழுக்களும் கோரஸில் இப்படி ஒரு நிறுத்தம் வைக்கும். பாதி நிறுத்தங்களில் உள்ளே யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். கேட்ட உடனே தெரிந்துவிடும். சினிமாவும் விடாது. ஹீரோ வில்லனை அடிக்கக் கை ஓங்கும் இடத்தில் இதே வெற்றிடம் வரும், ஆனால் அதற்குப் பிறகு 40 செண்டை இடிக்கும்.

உண்மையான ஆபத்து குழுவுக்குள்தான் இருக்கிறது. அந்த 8 பார் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கிடார்க்காரருக்குக் கை அரிக்கும். அடுத்த பாட்டில் அங்கே ஒரு சோலோ போட்டுக்கொள்கிறேன் என்பார். ரசிகர்கள் பலரும் அவர் பக்கம்தான் நிற்பார்கள். டிரம்மர் ஒப்புக்கொள்ளமாட்டார். கிடார்க்காரர் தனி ஆல்பம் என்று கிளம்புவார், அதற்கு இதைவிட வியூஸும் வரும். வரட்டும். குழு ஒரு மாதத்தில் வேறு கிடார்க்காரரோடு மேடை ஏறும். பாட்டு ஒரு நொடிகூடத் தள்ளாடாது.