தோபஹர்: சொற்பிறப்பும் தமிழ்ப் பெயர்ப்பும்

இந்தியில் பெருவழக்காகப் பயிலும் 'தோபஹர்' என்னும் சொல்லுக்கு 'நண்பகல்' என்றே நேர்ப்பொருள் இடும் போக்கு தமிழ் மொழிபெயர்ப்பில் உண்டு. இச்சொல்லின் பிறப்பையும் வழக்கையும் ஒருங்கு நோக்குமிடத்து, இவ்விணை எல்லா இடத்தும் பொருந்துவதன்று என்பது புலனாகும்.

'தோ' என்பது இரண்டு; 'பஹர்' என்பது வடமொழிப் 'பிரஹர' என்பதன் திரிபு. அடித்தற்பொருள் தரும் வேரினின்று பிறந்த இச்சொல், காலம் அறிவிக்க எழுப்பும் மணியடியைச் சுட்டிப் பின்னர்க் கால அளவுக்குப் பெயராயிற்று. ஒரு நாளுக்குப் பிரஹரம் எட்டு. ஒன்று ஏறத்தாழ 3 மணி நேரம், அதாவது ஏழரை நாழிகை. கதிரவன் எழுந்தபின் இரண்டு பிரஹரங்கள் கழிந்த வேளையே தோபஹர். மராத்தித் 'துபார்', வங்காளத் 'துபுர்', குஜராத்திப் 'பபோர்' ஆகியனவும் இவ்வழி வந்தனவே. குஜராத்தியில் இரண்டு என்பது 'பே' ஆதலின் அங்கு முதலெழுத்து வேறுபட்டது.

நண்பகல், மத்தியானம் என்பன பகலின் நடுவைச் சுட்டுவன. உச்சி என்பது கதிரவன் நிற்கும் இடத்தைச் சுட்டுவது. தோபஹரோ கழிந்த காலத்தை எண்ணுவது. வங்காளத்தில் 'ராத் துபுர்' என்பது நள்ளிரவைக் குறிப்பது இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய இந்தி வழக்கில் தோபஹர் ஒரு கணமன்று. 12 மணி தொடங்கி 3 மணி வரையிலும் நீளும் பொழுது. 'தோபஹர் தீன் பஜே' என்பதை 'நண்பகல் மூன்று மணி' எனப் பெயர்ப்பின் தமிழ் பிழைபடும். 'மதியம் மூன்று மணி' என்பதே இயல்பு. மதியம், பிறப்பால் நடுவைக் குறிப்பினும் வழக்கால் தோபஹரின் பரப்பை எய்தியுள்ளது. பிறப்பால் நெருங்கியதோ பிரஹரத்துக்கு நிகரான 'சாமம்'. ஆனால் தமிழ் வழக்கில் அது பெரும்பாலும் இரவுக்கே உரியதாகிவிட்டமையின் இங்குப் பயன்படாது.

எனினும் எங்கும் மதியம் என்று இடுவதும் குறையே. நிராலாவின் 'தோட்தீ பத்தர்' என்னும் கவிதையில், அலகாபாத் சாலையோரம் கல்லுடைக்கும் பெண்மீது வெயில் ஏறி அவ்வேளை நெருங்குகிறது. அங்கு மதியம் என்பது உணவு வேளையின் சாயலைத் தந்து வெம்மையைத் தணித்துவிடும். தொல்காப்பியம் நண்பகலை வேனிலோடு சேர்த்துப் பாலைக்குரிய பொழுதாக வகுத்தது. அம்மரபின் வெம்மையைத் தாங்கிய நண்பகலோ உச்சிவேளையோ அங்கு ஏற்புடையது.

ஆகவே, மணியைக் குறிக்குமிடத்து மதியம், வெயிலைக் குறிக்குமிடத்து நண்பகல் அல்லது உச்சி என இந்தி-தமிழ் அகராதிகள் வழக்கு நோக்கிப் பிரித்துத் தருதல் வேண்டும். சொற்பிறப்பு ஒரு சொல்லின் வரலாற்றை விளக்கும். அதற்கு ஈடான சொல்லைத் தெரிந்து தருவது வழக்கேயாகும்.