எனோலா கே: எழுதாமல் விட்ட வரி

வாஷிங்டனுக்கு அருகே, டலஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஸ்மித்சோனியன் நூதனசாலையில் ‘எனோலா கே’ பளபளவென்று நிற்கிறது. விமானி போல் டிபெட்ஸ் தன் தாயின் பெயரைச் சூட்டிய பி-29 குண்டுவீச்சு விமானம். 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டைப் போட்டது இதுதான்.

2003இல் இதனை முழுமையாகப் பொருத்தி வைத்தபோது எழுதிய குறிப்புப்பலகை விமானத்தின் தொழில்நுட்பச் சிறப்பைச் சொன்னது. குண்டு போட்டதையும் சொன்னது. இறந்தவர் தொகை இல்லை. அறிஞர்கள் கேட்டார்கள். மற்ற விமானங்களுக்கும் இப்படித்தான் எழுதுகிறோம் என்று பதில் வந்தது.

இது கவனக்குறைவல்ல. 1995 கண்காட்சிக்கு ஹிரோஷிமாப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கருகிய சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தார்கள். முன்னாள் படையினர் சங்கங்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது, இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார்.

ஜப்பானியப் படைகள் ஆசியாவில் செய்த கொடுமைகள் எங்கே என்று எதிர்த்தவர்கள் கேட்டது நியாயம். அப்படியானால் அவற்றையும் எழுதியிருக்கவேண்டும். இரண்டு பக்கத்துப் பிணங்களையும் அகற்றிவிட்டு இயந்திரத்தை மட்டும் வைப்பது நடுநிலையல்ல. இறக்கையின் 43 மீற்றரை அளந்தவர்களுக்கு மனிதரை எண்ணத் தெரியாதா? குண்டுவீச்சு விமானங்களைப் பதுங்குகுழியிலிருந்து அண்ணாந்து பார்த்த நாங்கள், இந்த விமானத்தையும் கீழிருந்துதான் வாசிக்கிறோம்.